காந்த இருமுனைவும் அதனைக் கற்பிக்கும் முறையும்

காந்தவியற் கல்வி பெரும்பாலும் சட்டக்காந்தத்திலிருந்தே தொடங்குகின்றது. ஒத்த முனைவுகள் ஒன்றையொன்று தள்ளும். ஒவ்வா முனைவுகள் கவரும். இவ்விதியை இளமாணாக்கர் விரைவிற் கற்றுக்கொள்வர். பின்னர், சம வலிமையுடைய இரு முனைவுகள் சிறிது தூரத்திற் பிரிந்து நிற்பதே காந்த இருமுனைவு என அவர்க்கு வரைவிலக்கணம் கூறப்படுகின்றது. இவ்வரைவிலக்கணம் மாணாக்கனை எவ்வளவு தூரம் இட்டுச்செல்லும், எவ்விடத்திற் கைவிடும் என்பது ஆசிரியர் ஆராய்தற்குரிய வினாவாகும்.

முனைவுக் கொள்கை பழமை வாய்ந்தது. பீற்றர் பெரகிரினசு என்பார் 1269ஆம் ஆண்டில் எழுதிய நிருபமொன்றிலே, காந்தக்கல்லை வெட்டினால் ஒவ்வொரு துண்டும் இரு முனைவுகளையும் உடையதாகும் என்பதைக் கூறியுள்ளார். 1785இல் பிரான்சிய அறிஞராகிய கூலோம், முனைவுகளிடையேயுள்ள விசை தூரத்தின் வர்க்கத்திற்கு நேர்மாறு விகிதசமமானது எனக் காட்டினார். ஆயின் 1820இல் டென்மார்க்கு நாட்டு ஏர்ஸ்ரெட் என்பவர், மின்னோட்டம் காந்தவூசியைத் திருப்புதலைக் கண்டு வெளியிட்டார். அவ்வாண்டிலேயே அம்பியர், மின்சுருள் காந்தம் போல் ஒழுகுவதை உணர்ந்து, காந்தத்தின் காந்தத்தன்மைக்கும் அதனுள்ளே சுழலும் மின்னோட்டங்களே காரணம் என்னுங் கருத்தை முன்வைத்தார்.

அம்பியர் காட்டிய வழியில் இருமுனைவு என்பது மின்னோட்டஞ் செல்லும் ஒரு சிறு தடமேயாம். ஓட்டம், தடத்தின் பரப்பளவு, சுற்றுக்களின் எண் ஆகிய மூன்றின் பெருக்கமே அதன் காந்தத்திருப்பம். 20 சதுர சதமமீற்றர் பரப்பும் 100 சுற்றுக்களும் உடைய சுருளில் அரை அம்பியர் ஓட்டஞ் சென்றால், காந்தத்திருப்பம் 0.1 அம்பியர் சதுர மீற்றர் ஆகும். இவ்விருமுனைவு புலத்திற்குச் செங்குத்தாக நிற்கும்போது அதன்மேற் செயற்படும் இணை உச்சமாகும். புலத்தின் திசையிலே திரும்பியதும் இணை இல்லாதொழியும்.

தொலைவிலே இரு கொள்கைகளும் ஒரே விடையைத் தரும். தூரம் இருமடங்கானாற் புலம் எட்டிலொன்றாகும். அச்சின் மீதுள்ள புலம், அதேயளவு தூரத்தில் நடுக்கோட்டின் மீதுள்ள புலத்தினும் இருமடங்காகும். இவ்வொற்றுமையே முனைவுக் கொள்கை இன்றும் வகுப்பறையில் நிலைபெற்றிருத்தற்குக் காரணம்.

வேற்றுமை உள்ளே தோன்றும். நீண்ட சுருளொன்றினுள்ளே சிறிய திசையறிகருவியை வைத்தால், அதன் ஊசியின் வடமுனைவு சுருளின் வடமுனைவையே நோக்கும். ஒத்தவை தள்ளும் என்னும் விதியை மட்டும் அறிந்த மாணாக்கன், ஊசி எதிர்ப்புறம் திரும்பும் என்றே எதிர்பார்த்திருப்பான். கண்டதை ஐயுறுவதா, கற்றதை ஐயுறுவதா எனத் திகைப்பான். புலக்கோடுகள் வடமுகத்தாற் புறப்பட்டுத் தென்முகத்தாற் புகுந்து, உள்ளேயும் தொடர்ந்து சென்று மூடிய வளையங்களாகும் என்பதை அறிந்தவனுக்கு இதில் வியப்பில்லை. ஊசி புலத்தின் திசையிலே நிற்கின்றது, அவ்வளவே.

இஃது ஆய்கூடச் சுருளோடு முடியும் செய்தியன்று. ஐதரசன் அணுவின் தாழ்நிலையிலே, இலத்திரன் புரோத்தன் இருக்குமிடத்திலும் காணப்படத்தக்கது. ஆதலின் புரோத்தன் என்னும் இருமுனைவின் உட்புலமும் அணுவின் சத்தியைப் பாதிக்கின்றது. ஓட்டத்தடத்திற்குரிய உட்புலத்தைக் கொண்டு கணித்தால் 21 சதமமீற்றர் அலைநீளம் பெறப்படும். முனைவுச் சோடிக்குரிய உட்புலத்தைக் கொண்டு கணித்தால் 42 சதமமீற்றர் பெறப்படும். 1951இல் விண்வெளி ஐதரசனிலிருந்து பெறப்பட்ட வானொலி அலை 21 சதமமீற்றரே. இயற்கை அம்பியரின் பக்கமே சான்று பகர்கின்றது.

தனிமுனைவு இருத்தல் கூடும் என டிராக் 1931இற் காட்டினார். எனினும் அஃது இன்றுவரை ஐயந்திரிபறக் கண்டறியப்படவில்லை.

ஆதலின் மின்னோட்டத் தடத்தையே முதலிற் கற்பித்தல் நன்று. தடத்தின் எதிர்ப்பக்கங்களிற் செயற்படும் விசைகளிலிருந்து இணையைப் பெற்றால், கல்வனோமானியும் மின்மோட்டரும் அதன் வழியே விளங்கும். முனைவுகளைப் பின்னர், வெளிப்புலத்தை எளிதிற் கணிக்க உதவும் கருவியாக அறிமுகஞ் செய்யலாம். இலத்திரனின் தற்சுழற்சியைக் கம்பித்தடம் போன்ற உண்மையான ஓட்டமெனக் கொள்ளலாகாது என்பதையும் உடன் உணர்த்தல் வேண்டும். அதன் புலமே ஓட்டத்தடத்தின் புலத்தை ஒக்கும். எளிய உவமை எவ்வெல்லைவரை செல்லும் எனக் கூறி வழங்கினால், மாணாக்கன் பின்னர் எதனையும் மறக்கவேண்டியதில்லை. கற்றதன் மேலேயே மேலுங் கற்பான்.