பாக்கெட் ராஜ்மாவும் நம் சமையலறையும்

வடநாட்டில் குடியேறிய நம் குடும்பங்களில், ஞாயிற்றுக்கிழமை சாம்பாருக்குப் போட்டியாக ராஜ்மா வந்து பல வருடங்களாகின்றன. முதல் நாள் இரவே ஊற வைத்து, காலையில் குக்கரில் ஏற்ற வேண்டிய சரக்கு அது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் அதற்கு அவகாசம் ஏது? ஆகவே, வேக வைத்த ராஜ்மா, சன்னா மசாலா பாக்கெட்டுகள் அலமாரியில் இடம் பிடித்துவிட்டன.

“இத்தனை மாதம் கெடாமல் இருக்கிறதே, என்ன மருந்து போட்டிருக்கிறார்களோ?” என்பது வீட்டுப் பெரியவர்களின் முதல் கேள்வி. முக்கியக் காரணம் மருந்தல்ல, வெப்பம்தான். உணவைப் பல அடுக்குப் பையில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடிய பிறகு, நீராவி அழுத்தத்தில் சுமார் 121 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றுகிறார்கள். நம் பிரஷர் குக்கரும் ஏறக்குறைய 120 டிகிரியைத் தொடும். ஆனால் பையை மூடிய பின் சூடாக்குவதால், கிருமிகள் மறுபடி உள்ளே நுழைய வழியில்லை. நம் நாட்டில் இம்முறையைப் படைவீரர்களுக்காக வளர்த்தது மைசூரிலுள்ள பாதுகாப்புத் துறை உணவு ஆராய்ச்சிக்கூடம். பிறகு அது தனியார் நிறுவனங்களுக்கும் வந்தது.

எனவே உப்பிய பையையும், ஒழுகும் பையையும் ருசி பார்க்காமலே எறிந்துவிட வேண்டும். பிரித்ததில் மீந்ததை வேறு பாத்திரத்துக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

கவலைப்பட வேண்டியது உப்பைப் பற்றி. லேபிளில் ‘உப்பு’ என்று இராது, ‘சோடியம்’ என்றிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு. உதாரணமாக, 100 கிராமுக்கு 400 மில்லிகிராம் சோடியம் என்றால், 300 கிராம் பாக்கெட்டில் 3 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் சொல்வதே 5 கிராமுக்குக் குறைவு. ரத்த அழுத்தம் உள்ள பெரியவர் ஒருவரே ஒரு பாக்கெட்டைக் காலி செய்தால் என்னாகும்? அப்பளம், ஊறுகாய் வேறு!

சேர்மானங்களை எடையில் அதிகமானதிலிருந்து வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. தண்ணீர் முதலில் இருந்தால், பயறை விடக் குழம்புக்கே அதிகம் கொடுக்கிறோம் என்று பொருள்.

பாக்கெட் பயறு முழுக்க வெந்தது. அது ஒரு பெரிய நன்மை. பச்சை ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் பொருள் உண்டு. வேகாத நாலைந்து மணிகளே வாந்தி, பேதியை உண்டாக்கப் போதும். அரைகுறையாகச் சூடாக்கினால் நச்சு கூடவும் செய்யலாம். ஹாஸ்டலில் மின்சாரக் கெட்டிலில் சமைக்கும் பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்லி வையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணியாவது நன்றாகக் கொதிக்க வேண்டும். குக்கர் இருந்தால் கவலையில்லை.

மூன்றாவது வழியும் உண்டு. விடுமுறை நாளில் அரை கிலோ ராஜ்மாவையோ மொச்சையையோ மொத்தமாக வேக வைத்து, ஆறியதும் சிறு டப்பாக்களில் பிரித்து ஃப்ரீஸரில் வைத்துவிடுங்கள். வேண்டிய அன்று எடுத்துக் கொதிக்க விட்டால் போதும். செலவும் குறைவு, உப்பும் நம் கையில்!