லட்ச ரூபாய் வேட்டைக் கத்தி: காட்டில் எப்படி வெட்டும்?

அமெரிக்காவின் பாப் லவ்லெஸ் (1929–2010) கையால் செய்த வேட்டைக் கத்திகள் இன்று பல லட்சம் ரூபாய்க்கு விலைபோகின்றன. அலமாரியில் அழகுதான், சரி. மான் தோலை உரிக்கும்போது?

அங்கேயும் சோடை போகாது. காரணம் இரண்டு.

ஒன்று, வடிவம். முதுகுப்பக்கம் சரிந்து, முனை சற்றுத் தாழ்ந்திருக்கும். 'டிராப் பாயின்ட்' என்று அவர் பிரபலப்படுத்தியது இதைத்தான். வயிற்றைக் கிழிக்கும்போது முனை குடலில் குத்திவிட்டால் கறி கெட்டுப்போகும். தாழ்ந்த முனை அந்த ஆபத்தைக் குறைக்கிறது.

இன்னொன்று, உருக்கு. 1970-களில் அவர் கையில் எடுத்த 154 சி.எம். உருக்கில் சுமார் 14 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் மாலிப்டினம். ரத்தமும் ஈரமும் பட்டாலும் லேசில் துருப்பிடிக்காது, கூர்மையும் நீடிக்கும்.

குறையே இல்லையா? உண்டு. மழுங்கிவிட்டால், சாதாரண கார்பன் கத்தி மாதிரி கல்லில் நாலு இழுப்பு இழுத்து உடனே தீட்டிவிட முடியாது.

அப்புறம் அந்த விலை எதற்கு? அதே வடிவத்தை, அதே வகை உருக்கில் இன்று தொழிற்சாலைகளே செய்கின்றன. சில ஆயிரம் ரூபாய்க் கத்தியே மானை உரித்துவிடும். மீதிப் பணம் பெயருக்கும் கைவேலைக்கும்தான். விலை ஏற ஏற, வேலைக்கென்று செய்த கத்தி உறையைவிட்டு வெளியே வருவதே அரிதாகிவிட்டது.