ஐ-லீக் கோப்பை: களத்தில் முடியாத போட்டி நீதிமன்றத்தில் முடிந்தது எப்படி?

இந்தியக் கால்பந்தின் இரண்டாம் நிலைத் தொடரான ஐ-லீக்கின் 2024-25 பருவ ஆட்டங்கள் ஏப்ரல் 6-ஆம் தேதி நிறைவடைந்தன. ஆனால், சாம்பியன் யார் என்பது ஜூலை 18-ஆம் தேதிதான் உறுதியானது.

என்ன சிக்கல்?

12 அணிகளும் தலா 22 ஆட்டங்களில் விளையாடின. முடிவில் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் 40 புள்ளிகளும், வாரணாசியின் இன்டர் காசி 39 புள்ளிகளும் பெற்றிருந்தன. ஜனவரியில் நாம்தாரி அணியிடம் 0-2 எனத் தோற்ற ஆட்டத்தில், எதிரணி தகுதியற்ற வீரரைக் களமிறக்கியதாக இன்டர் காசி முறையிட்டிருந்தது. ஒழுங்கு நடவடிக்கைக் குழு அதை ஏற்று 3 புள்ளிகளை வழங்கியது. மேல்முறையீட்டுக் குழுவோ அம்முடிவை ஏற்கவில்லை. இதனால் சர்ச்சில் பிரதர்ஸ் சாம்பியனாக அறிவிக்கப்பட்டது.

தீர்வு எப்படிக் கிடைத்தது?

சுவிட்சர்லாந்தின் லொசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்தை இன்டர் காசி நாடியது. நாம்தாரி வழக்கில் ஜூன் மாதமும், வீரர் பதிவு தொடர்பான மற்றொரு வழக்கில் ஜூலை மாதமும் அந்த அணிக்குச் சாதகமான தீர்ப்புகள் வந்தன. 42 புள்ளிகளுடன் இன்டர் காசி சாம்பியனானது.

ஏன் முக்கியம்?

2022-23 பருவம் முதல், ஐ-லீக்கை வெல்லும் அணிக்கே முதல்நிலைத் தொடரான ஐஎஸ்எல்லுக்கு முன்னேறும் வாய்ப்பு உண்டு. பஞ்சாப், முகமதன் ஸ்போர்ட்டிங் அணிகள் அவ்வழியே முன்னேறின. மறுமுனையில், முந்தைய ஆண்டு மூன்றாம் நிலைத் தொடரை வென்று வந்த கர்நாடகத்தின் ஸ்போர்ட்டிங் கிளப் பெங்களூரு, ஒரே பருவத்தில் மீண்டும் கீழிறங்கியது.