மருத்துவமனைக் கருவியில் எலியின் மூளை

பக்கவாதம், மூளைக்கட்டி ஆகிய நோய்களுக்கு மருந்து காணும் ஆராய்ச்சிகளில் தொடக்கச் சோதனைகள் பெரும்பாலும் எலிகளின் மீதே நடத்தப்படுகின்றன. மருந்தின் பயனை அறிய, குறித்த நாட்களில் சில எலிகளைக் கொன்று மூளையை அறுத்துப் பார்ப்பதே நெடுங்கால வழக்கம். காந்த ஒத்ததிர்வுப் படமெடுப்பு எனப்படும் எம்.ஆர்.ஐ. முறையில், ஒரே எலியை உயிருடன் வைத்து, நோய் வளர்வதையும் தணிவதையும் பல வாரங்கள் தொடர்ந்து காணலாம். பலியாகும் எலிகளின் எண்ணிக்கையும் குறைகிறது.

இதற்கென்றே 7 டெஸ்லா, 9.4 டெஸ்லா காந்தப்புலம் கொண்ட தனிக் கருவிகள் உள்ளன. அவற்றின் விலை எல்லா ஆராய்ச்சி நிலையங்களுக்கும் கட்டுப்படியாவதன்று. ஆனால் 1.5 அல்லது 3 டெஸ்லா கருவிகள் மருத்துவமனைகள் பலவற்றில் ஏற்கெனவே இயங்கி வருகின்றன. அவற்றையே பயன்படுத்தலாகாதா?

இடர்ப்பாடு அளவில் உள்ளது. மனித மூளையின் எடை சுமார் 1,400 கிராம். எலியின் மூளையோ சுமார் 2 கிராம். மனிதருக்கு 1 மில்லிமீட்டர் நுணுக்கம் பெரும்பாலும் போதும், எலிக்கு 0.2 மில்லிமீட்டர் அளவேனும் வேண்டும். அப்போது படத்தின் ஒவ்வொரு கூறும் கன அளவில் 125-இல் ஒரு பங்காகிறது. அது தரும் சமிக்ஞையும் அவ்வாறே குன்றுகிறது.

இக்குறையை இரு வழிகளில் ஈடு செய்யலாம். எலியின் தலையை ஒட்டி அமையும் சிறிய ஏற்புச் சுருள், சமிக்ஞையை மிகுதியாகவும் இரைச்சலைக் குறைவாகவும் பெறுகிறது. மீண்டும் மீண்டும் பதிவு செய்து சராசரி காண்பது மற்றொரு வழி. எனினும், தெளிவு இரு மடங்காக வேண்டுமாயின் நேரம் நான்கு மடங்காகும். அதுவரை எலி மயக்கத்தில் இருக்க வேண்டும். மயக்கத்தில் அதன் உடல் வெப்பம் விரைவில் தாழுமாதலால், வெப்பமூட்டுவதும் மூச்சைக் கண்காணிப்பதும் இன்றியமையாதவை.

இவற்றுக்குப் பின்னும் சில வரம்புகள் உண்டு. சுண்டெலியின் மூளை அரை கிராமுக்கும் குறைவு. அதன் நுண்பகுதிகளை ஆராயத் தனிக் கருவியே ஏற்றது. எலியின் மூளையில் பக்கவாதத்தால் பழுதுற்ற பரப்பையும், கட்டியின் வளர்ச்சியையும் அளக்க மருத்துவமனைக் கருவி உதவும்.

நோயாளிகளுக்கே முதலுரிமை என்பதில் ஐயமில்லை. எனவே எலிகளை அவர்களது நேரம் முடிந்தபின், மூடிய பெட்டியில் கொண்டுவந்து, பணி முடிந்ததும் கருவியைக் கிருமி நீக்கம் செய்தல் வேண்டும். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும், அதன்கீழ் 1998-இல் வகுக்கப்பட்ட விதிகளும் இத்தகைய சோதனைகளை நெறிப்படுத்துகின்றன.

இம்முறையில் மற்றொரு நன்மையும் உண்டு. எலியின் மூளையை அளந்த அதே கருவியில்தான் பின்னர் நோயாளியும் படுக்கிறார். ஆதலால் ஆய்வுக்கூடத்தில் கண்ட அளவீட்டு முறை நோயாளியின் சிகிச்சைக்குப் பயன்படும் பாதை எளிதாகிறது.