பிணைப்பு: கொடுத்தலா, அமைப்பா?

ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து டீக்கடையில் நின்றிருந்த ஒப்பந்தத் தொழிலாளத் தோழர் ஒருவர், டிப்ளமா படித்தவர், என்னிடம் கேட்டார்: "சோடியம் எதுக்கு சார் எலக்ட்ரானைச் சும்மா தூக்கிக் குளோரினுக்குக் குடுக்குது?" பாடநூல் நமக்குள் பதித்துவிட்ட கதையாடல் இது. ஒருவர் கொடுக்கிறார், மற்றவர் வாங்குகிறார், பிணைப்பு உண்டாகிறது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு மோல் தனித்த சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க ஏறத்தாழ 496 கிலோஜூல் செலவாகும். குளோரின் அணுக்கள் அதை ஏற்கையில் கிடைப்பது 349தான். ஆக, 'தானம்' நஷ்டக் கணக்கு. ஈடுகட்டுவது, எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட அயனிகள் படிகமாக அடுங்குகையில் வெளிப்படும் 787 கிலோஜூல். அப்படிகத்தில் ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். யார் யாருக்குக் கொடுத்தது? ஜோடியே கிடையாது. அயனிப் பிணைப்பு பரிவர்த்தனை அல்ல, அமைப்பு.

சகப்பிணைப்பில் ஜோடி உண்டு. இரு அணுக்கருக்களும் ஓர் எலக்ட்ரான் இணையை ஈர்க்கின்றன என்று லூயிஸ் 1916இல் விளக்கினார். ஒரகடத்தில் 2010 முதல் அப்போலோ டயர் ஆலை ஓடுகிறது. டயர் என்பதே சகப்பிணைப்பின் காரியம்தான். ரப்பரின் நீண்ட கார்பன் சங்கிலிகளுக்கிடையே சூடேற்றிய கந்தகம் பாலம் போடுகிறது. அதனால்தான் இழுத்தால் மீள்கிறது. அதனாலேயே பழைய டயரை உருக்கி மறுபடி வார்க்க முடிவதில்லை. ஆனால் 'பகிர்தல்' என்றதும் சமத்துவம் என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீரில் ஆக்சிஜன் தன் பக்கம் கூடுதலாகவே இழுத்துக்கொள்கிறது.

கார்க் கதவாகும் தகட்டிலோ எலக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமில்லாமல் உலோகம் முழுக்கப் பரவியிருக்கின்றன. பிரஸ் அடிக்கையில் அணு அடுக்குகள் நழுவினாலும் பிணைப்பு அறுவதில்லை, தகடு வளைகிறது. உப்புக்கல்லைத் தட்டினால் ஒத்த மின்னூட்டங்கள் நேருக்கு நேர் வந்து விலக்க, உடைகிறது.

'பார், உலோகமே பொதுவுடைமை' என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். வாசிப்பு வட்டங்களில் நானும் சொன்னவன்தான். தப்பு. அணுவுக்குக் கொள்கை கிடையாது. தானம், பகிர்வு எல்லாம் நம் சமூகம் அணுவுக்குக் கடன் கொடுத்த சொற்கள். அவை 'இயற்கை நியதி' என்ற வேஷத்தில் நம்மிடமே திரும்புகின்றன என்பதுதான் பிரச்சினை.

தோழர் கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்: "அப்ப 'வேலை குடுக்கிறவங்க'ங்கிற வார்த்தையையும் கணக்குப் போட்டுத்தான் பாக்கணும்."