வீடு விற்குமுன்

வீடு விற்பதைப் பற்றி மாணவர்களிடம் பேசுவானேன் என்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். அறிவியலும் சட்டமும் குடும்ப நியாயமும் ஒரே கூரையின்கீழ் கூடும் பாடம் இதுபோல் அதிகம் இல்லை. ஆகவே இதை எடுத்துக்கொண்டேன்.

சுருளிப்பட்டியில் எங்கள் தந்தையார் தம் உழைப்பால் கட்டிய வீடு ஒன்று இருந்தது. அவர் காலமான பின், பிள்ளைகள் நாங்கள் வெவ்வேறு ஊர்களில் தங்கிவிட்டபடியால், அதை விற்பதென முடிவாயிற்று. மார்கழியில் கிரயம் எழுதப் பெரும்பாலோர் விரும்புவதில்லை. தை பிறந்ததும் சார்பதிவாளர் அலுவலகங்களில் கூட்டம் நெரியும். முகூர்த்த நாட்களில் பதிவுக்குக் கூடுதல் டோக்கன்கள் வழங்கப்படுவதும் உண்டு. எனவே விற்பவனுக்கு மார்கழியே ஆயத்த மாதம்.

அம்மாதத்திற்கு இன்னொரு குணமும் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் வடகிழக்குப் பருவமழை அப்பொழுதுதான் ஓய்ந்திருக்கும். இரவில் பனி இறங்கும். காலை வெயில் மலையைத் தாண்டி வரவே நேரமாகும். சுவர்கள் எளிதில் உலர்வதில்லை. சித்திரையில் துருவித் துருவிப் பார்த்தாலும் புலப்படாத ஓதம், மார்கழியில் தானே முகம் காட்டிவிடும். போகிக்கு முன் வெள்ளையடிக்கும் வழக்கமோ அம்முகத்தை மறைக்க நல்ல வாய்ப்பு. எங்கள் வீட்டைப் பார்த்த கொத்தனாரும், “இரண்டு பூச்சு பூசிவிட்டால் ஒன்றும் தெரியாது, ஐயா” என்றார். அவர் தொழில் தெரிந்தவர். அவர் சொன்னது உண்மையுங்கூட. சில மாதங்களுக்கு ஒன்றும் தெரியாது.

ஓதம் எங்கிருந்து வருகிறது? அகல்விளக்கின் திரி எண்ணெயை மேலே இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். செங்கல்லிலும் காரையிலும் உள்ள நுண்ணிய துளைகள் அவ்வாறே மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கின்றன. ஈரத்தோடு கரைந்து வந்த உப்பு, நீர் ஆவியானதும் வெண்பொடியாகப் பூக்கிறது. காரை பொருமி உதிர்கிறது. சுவரின் அடிப்பகுதியில் கறை என்றால் பெரும்பாலும் இதுவே காரணம். மேற்பகுதியில் கறை என்றால் ஓட்டையோ தளத்தையோ பார்க்கவேண்டும். இரண்டுமன்றி, அறைக்காற்றின் ஈரமே குளிர்ந்த சுவரில் படிவதும் உண்டு. இதைப் பிரித்தறிய ஓர் எளிய சோதனை: ஒரு சாண் அகலப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துத் தாளின் வெளிப்புறம் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். சுவரை ஒட்டிய உட்புறம் நனைந்திருந்தால் சுவரின் ஈரம். எங்கள் பின்கட்டுச் சுவரில் உட்புறமே நனைந்திருந்தது.

அத்தகைய சுவருக்குச் சுண்ணாம்பே ஏற்றது; அதன் வழியே ஈரம் ஆவியாகிப் போகும். பளபளப்பான பிளாஸ்டிக் வண்ணங்களோ ஈரத்தை உள்ளே அடைத்துவிடும்; பிறகு கொப்புளங்களாக எழும்பும். நாங்கள் பெயர்ந்த காரையைச் சுரண்டி, சுவரடியில் தேங்கிய மழைநீருக்கு வடிகால் வெட்டி, உலரவிட்டுச் சுண்ணாம்பு அடித்தோம். கதவு நிலைகளையும் தட்டிப் பார்த்தோம். கரையான் தின்ற மரம் வெற்றொலி எழுப்பும். ஒரு நிலை அவ்வாறே ஒலித்தது.

இவற்றை வாங்குபவரிடம் சொல்லவேண்டுமா? 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவு இதற்கு விடை தருகிறது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, விற்பவர் அறிந்ததும், வாங்குபவர் அறியாததும், சாதாரணக் கவனத்தால் அவர் கண்டுகொள்ள முடியாததுமான முக்கியக் குறையை விற்பவர் வெளிப்படுத்தியாக வேண்டும். மறைப்பது மோசடி என்கிறது. குறை என்பது சுவருக்கு மட்டுமன்று, உரிமைக்கும் பொருந்தும்.

இங்கேதான் எங்கள் வீட்டிலும் பேச்சு வந்தது. “தங்கைக்குத்தான் சீர் செய்தாயிற்றே, அவள் கையொப்பம் எதற்கு?” என்றார் உறவினர் ஒருவர். ஊர்தோறும் கேட்கும் கேள்வி இது. உயில் எழுதாமல் மறைந்த இந்துத் தந்தையின் சுயசம்பாதனையில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமையைத் தமிழ்நாடு 1989-இல், அதுவரை மணமாகாத பெண்களுக்கு அளித்தது. 2005-இல் மத்தியச் சட்டம் அவ்வரம்பின்றி அதை நாடு முழுமைக்கும் ஆக்கியது. சீர் என்பது பங்குக்கு ஈடன்று. அவள் ஒப்பமிடாமல் விற்றால் வாங்குபவர் பிற்காலத்தில் நீதிமன்றம் ஏற நேரிடலாம். அதைவிட, என் தங்கை பிறந்து வளர்ந்த வீட்டின் பத்திரத்தில் அவள் பெயரே இல்லாமற் போகும். வாரிசுச் சான்றிதழில் உள்ள அனைவரும் ஒப்பமிடுவதென்று நான் பிடிவாதமாக நின்றேன்.

பின்னர் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், வீட்டுவரி இரசீதுகள், மின்கட்டண இரசீது ஆகியவற்றை ஒரு கட்டாகச் சேர்த்தோம். பெயர்களில் எழுத்து வேறுபாடு உண்டா என்று ஒவ்வொரு தாளாக ஒப்பிட்டுப் பார்ப்பது, விடைத்தாள் திருத்திப் பழகிய எனக்குக் கடினமாக இல்லை.

வாங்க வந்தவர் திராட்சை பயிரிடும் விவசாயி. பின்கட்டுச் சுவரையும், தட்டினால் வெற்றொலி எழும்பும் நிலையையும் நானே காட்டினேன். அவர் அங்கேயே விலையைக் குறைத்துக் கேட்டார். உறவினருக்கு முகம் சுண்டிற்று. புது நிலைக்கும் தச்சுக்கூலிக்கும் ஆகும் தொகையைக் கணக்கிட்டு அதை மட்டும் கழித்தோம், அவரும் ஒப்புக்கொண்டார். தை மாதத்தில் கிரயம் பதிவாயிற்று. தங்கை மூன்றாவதாக ஒப்பமிட்டாள்.