துப்பாக்கியின் கதை – 17: முயலும் சைலன்ஸரும்

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் உள்ள மத்திய ஒட்டாகோ, மழை குறைந்த மேட்டு நிலம். மெரினோ ஆடுகளுக்கான புல்லை அங்கே முயல்கள் தின்று தீர்க்கின்றன. பத்து முயல் மேய்ந்தால் ஏறக்குறைய ஓர் ஆட்டின் தீவனம் போச்சு! 19-ஆம் நூற்றாண்டில் கறிக்கும் வேட்டைக்குமாக ஐரோப்பியர்கள் கொண்டுவந்துவிட்ட பிராணி அது. விஷம் வைத்தார்கள், வேலி போட்டார்கள். 1997-இல் விவசாயிகள் சிலர் தடையை மீறி, முயலைக் கொல்லும் வைரஸைக் கடத்திவந்து, வீட்டு மிக்ஸியில் அரைத்துப் பரப்பினார்கள். நிறைய முயல்கள் செத்தன. பிழைத்தவற்றில் பலவற்றுக்கு எதிர்ப்பு சக்தி வந்துவிட்டது.

அதனால் இன்றும் ராத்திரியில் விளக்கும் ரைஃபிளுமாகக் கிளம்புகிறார்கள். ரைஃபிள் முனையில் பல நேரம் ஒரு தடித்த உருளை திருகப்பட்டிருக்கும். அதுதான் சைலன்ஸர். துப்பாக்கி வைத்திருக்க உரிமம் கேட்கும் நியூசிலாந்து, சைலன்ஸருக்கெனத் தனி உரிமம் கேட்பதில்லை.

சினிமாவில் கொலைகாரன் சுட்டால் ‘புஸ்’ என்று ஒரு சத்தம் வருமே, அது பொய். வெடிமருந்துப் புகை அதிக அழுத்தத்தோடு ஒரே நொடியில் வெளியே பாய்வதால்தான் காது கிழிகிறது. உருளைக்குள் நடுவில் துளையிட்ட தடுப்புகள் வரிசையாக இருக்கும். தோட்டா துளை வழியே போய்விடும். புகை ஒவ்வோர் அறையிலும் விரிந்து, குளிர்ந்து, மெல்ல வெளியேறும். 160 டெசிபல் வெடி 130-க்குப் பக்கத்தில் இறங்கும். அதுவும் பெரிய சத்தம்தான். ஆனால், ஒரே வெடியில் காதைக் கெடுக்கும் எல்லையாகச் சொல்லப்படும் 140-க்குக் கீழே வந்துவிடுகிறது.

நொடிக்கு 900 மீட்டருக்கு மேல் பாயும் .223 தோட்டா, காற்றைக் கிழிக்கும் ‘படார்’ ஓசையை எந்த உருளையாலும் அடக்க முடியாது. அந்த ஓசை தோட்டா போகும் வழியெங்கும் எழுவதால், சுட்டவர் எங்கே என்று முயலுக்குப் பிடிபடுவதில்லை. அடுத்த முயலும் அதே இடத்தில் நிற்கும். ஒலியைவிட மெதுவாகப் போகும் .22 தோட்டாவில் அந்தப் ‘படார்’ கிடையாது. எனவே, வீடுகளுக்கு அருகில் சுடுபவர்கள் அதையே எடுக்கிறார்கள். சைலன்ஸரால் துப்பாக்கி பின்னால் உதைப்பதும் குறையும்; குண்டு பட்டதா என்று தொலைநோக்கியிலேயே பார்த்துவிடலாம். குறி தப்பிக் காயத்தோடு ஓடும் பிராணியை உடனே மறுபடி சுட்டு முடிக்க இது உதவுகிறது. வேட்டையில் இதைவிடப் பெரிய கடமை இல்லை.

இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மாக்ஸிமுக்கு, அதைச் சுட்டுச் சுட்டே காது செவிடானது. அவருடைய மகன் ஹைரம் பெர்சி மாக்ஸிம்தான் 1909-இல் சைலன்ஸருக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அக்கம்பக்கத்தைத் தொந்தரவு செய்யாமல் குறிபார்த்துப் பழக வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆனால் 1934-இல், கொள்ளைக் கும்பல்களை ஒடுக்கப் பிறந்த சட்டம் அதை இயந்திரத் துப்பாக்கியோடு ஒரே பட்டியலில் சேர்த்து, 200 டாலர் வரி போட்டது. அன்றைக்கு அந்தக் கருவியின் விலையைவிடப் பல மடங்கு! காதைக் காக்கும் பொருளை ஆயுதமாகக் கணக்கிட்ட பிழை அது. 2026 ஜனவரி 1 முதல் வரி இல்லை. அரசிடம் பதிவுசெய்யும் கட்டாயம் மட்டும் தொடர்கிறது.

(தொடரும்)